இருட்டு மூலையில் என்ன நடலாம்?

உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். வாசலில் துளசி இருக்கும். பக்கத்தில் கறிவேப்பிலை, செம்பருத்தி, ஒரு மல்லிகைக் கொடி. இவற்றையெல்லாம் தாண்டிப் பின்பக்கம் போனால், குளியலறைச் சுவரும் வேலியும் சேருகிற இடத்தில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருக்கிறதல்லவா? உடைந்த வாளி, துருப்பிடித்த சைக்கிள், பழைய டயர், மழை விட்டு நாலு நாளானாலும் காயாத ஈரம், வழுக்கும் பாசி. லயத்து வீடானாலும் சரி, கிள்ளானில் தாமான் வீடானாலும் சரி, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பின் தாழ்வாரமானாலும் சரி, இப்படி ஒரு மூலை இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

"அங்கே ஒன்றும் வராது, சார்" என்பார்கள் பெற்றோர்கள். ரோசா வைத்தோம், பூக்கவில்லை. மல்லிகை வைத்தோம், கொடிதான் ஓடியது. குரோட்டன்ஸ் வைத்தோம், நிறமெல்லாம் போய் வெறும் பச்சையாகிவிட்டது. ஆக மண் சரியில்லை, இடம் ராசியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மண்ணையும் ராசியையும் குறை சொல்ல வேண்டா. ரோசா, மல்லிகை, செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் எல்லாமே வெயில் குடித்து வளர்பவை. குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் வெயில் கொடுத்த நிறங்கள். நிழலுக்குக் கொண்டுபோனால் அவை மங்கத்தான் செய்யும்.

தோட்டத்தில் இருந்தவரை இந்த மூலையை ஒதுக்கித் தள்ள முடிந்தது. லயத்துக்குப் பின்னால் கொல்லை இருந்தது. முருங்கையும் வாழையும் வெண்டையும் அங்கே நின்றன. இன்று நம்மில் எத்தனை பேருக்குக் கொல்லை இருக்கிறது? புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1990-களில் அந்நகரம் உருவானபோது அங்கிருந்த நம் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே புத்ராஜெயாவில் இப்போது பெரியதொரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோம். மாடியில் குடியேறியவர்களுக்கோ, ஒரு தாழ்வாரமும் துணி காயப்போடும் இடமும்தான் மிச்சம். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இந்தக் கதைதான். கையில் இருப்பதே அந்த ஒரு மூலை என்னும்போது அதைக் குப்பைக்கு விட்டுவிடுவது நியாயமா?

முதலில் அந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டா. இந்த இதழையே எடுத்துக்கொண்டு நடுப்பகலில் அந்த மூலையில் போய் நில்லுங்கள். விளக்கில்லாமல் இந்த எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடிந்தால் அங்கே செடி வளரும். கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியிருந்தால் நட வேண்டா. முதலில் சுவரை வெளுக்க வேண்டும். பிறகு உங்கள் கையைத் தரைக்கு ஒரு முழம் மேலே நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் அது அரை நிழல். மங்கலாக ஒரு திட்டு மட்டும் விழுந்தால் முழு நிழல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோலாலம்பூரும் கிள்ளானும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கின்றன. மார்ச்சு மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். பத்தடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அதன் உச்சிவேளை நிழல் வடக்குப் பக்கம் ஐந்தடிக்கு விழும். ஜூன் கடைசியில் அதே சுவரின் நிழல் தெற்குப் பக்கம் நாலடிக்குச் சற்றுக் குறைவாக விழும். அதாவது, தீபாவளி சமயத்தில் இருண்டு கிடக்கும் வடக்குச் சுவரோரம் ஆண்டின் நடுவில் வெயில் வாங்கும். "ஆறு மாதம் நன்றாக இருந்தது, பிறகு திடீரென்று கருகிவிட்டது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டா!

உச்சிவேளை என்று சொன்னேனே, அது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அன்று. 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே நமக்கு உச்சிவேளை மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் வருகிறது. பிள்ளைகளிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். பள்ளியில் இதைச் செய்யச் சொல்லும்போதெல்லாம் பன்னிரண்டு மணிக்கே ஓடிப்போய் நிற்பவர்கள்தான் அதிகம். முதல் ஓராண்டுக்கு எல்லாவற்றையும் தொட்டியிலேயே வைத்துக்கொண்டால் நிழல் நகரும்போது செடியையும் நகர்த்தலாம்.

சரி, நிழலில் வளர்பவை எவை? நம் மக்கள் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கித்தாக் காட்டில் வேலை செய்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கன்று நட்ட புதிதில் நிரைகளுக்கு நடுவே பயறுவகைக் கொடி படர்ந்து மண்ணை மூடிக் கிடக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிடும். வெயில் நின்றவுடன் அந்தக் கொடி தானே மெலிந்து மறைந்துவிடும். அந்த இடத்தில் யார் வந்தது? பெரணி வந்தது, அகல இலைப் புல் வந்தது. யாரும் நடவில்லை, யாரும் உரம் போடவில்லை. செம்பனைக் காட்டிலோ, மரத்தண்டில் ஒட்டியிருக்கும் மட்டைக் கட்டைகளின் இடுக்கெல்லாம் பெரணி தொங்கும்.

கெப்போங்கில் உள்ள காட்டாய்வுக் கழகத்தின் காட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஈயச் சுரங்கத்தால் பாழ்பட்ட நிலத்தில் 1920-களில் மரம் நடத் தொடங்கி மனிதர்கள் வளர்த்தெடுத்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. எல்லாரும் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் வந்து சேரும். அதிலே பிழைப்பவை அகன்ற, மெல்லிய இலை கொண்டவை. பூவை நம்பி அவை வாழவில்லை. இலைதான் அவற்றின் அழகு.

இந்த வகையில் ஒரு குடும்பத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நமக்குப் பழக்கமான சேம்பும் கருணைக்கிழங்கும் சேர்ந்த குடும்பம்தான் அது. கடையில் கலேடியம் என்று விற்கும் வண்ணச்சேம்பு, அக்லோனிமா, டிபன்பேக்கியா, மணிப் பிளாண்ட், சிங்கோனியம், வெள்ளை மடல் விரிக்கும் ஸ்பாதிபில்லம் எல்லாமே சேம்புக்கு உறவுக்காரர்கள். இலையைப் பார்த்தாலே சாயல் தெரியும். அக்லோனிமா நிழலை மிக நன்றாகத் தாங்கும். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் முகம் வாடாது. மணிப் பிளாண்டும் வாழும், ஆனால் இருட்டில் அதன் மஞ்சள் திட்டுகள் குறைந்து பச்சையாகிவிடும்.

உறவு என்றால் குணமும் சேர்ந்துதானே வரும்? கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்கிறதே, அந்த அரிப்புக்குக் காரணமான ஊசி போன்ற நுண்படிகங்கள் இந்தச் செடிகளிலும் உண்டு. டிபன்பேக்கியாவின் தண்டைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிப் பேச முடியாமல் போகும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் டிபன்பேக்கியா வேண்டவே வேண்டா. மற்றவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டியபின் கையைக் கழுவுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள்.

இப்போது நிறம். இருட்டு மூலை என்றவுடன் சிவப்பாக, ஊதாவாக எதையாவது வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். வைத்துப் பாருங்கள், பத்தடி தள்ளி நின்றால் அது இருட்டோடு இருட்டாகிவிடும். நிழலில் தெரியும் நிறம் வெள்ளை. அதற்கு அடுத்து வெளிர் பச்சையும் மஞ்சளும். வண்ணச்சேம்பில் வெள்ளை இலையில் பச்சை நரம்போடும் வகை ஒன்று உண்டு. பாயைச் சுருட்டி வைத்ததுபோல் குருத்து வரும். விரிந்தால் வெள்ளைத் தாள். நம்மில் பலர் வேலை முடிந்து வீடு சேர மாலை ஏழாகிவிடுகிறது. அந்தி நேரத்தில் கடைசிவரை கண்ணுக்குத் தெரிவது அந்த வெள்ளை இலைதான். சிவப்பு வேண்டுமென்றால் வெள்ளைக்கு முன்னால் ஓரிரண்டு வையுங்கள், அப்போது எடுக்கும். கோலியஸ் என்னும் செடியை மலாய்க்காரர்கள் அத்தி-அத்தி என்பார்கள். அதன் வெளிர் மஞ்சள் வகை அரை நிழலில் நன்றாக வரும். ஒரு கிளையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் ஓரிரு வாரத்தில் வேர் விடும்.

செடியைவிட முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சுவருக்கு வெள்ளை அடிப்பது. லயத்துக்கு ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடித்த மறுநாள் வீட்டுக்குள்ளேயே வெளிச்சம் கூடியதுபோல் இருக்குமே, நினைவிருக்கிறதா? அதே கணக்குத்தான். பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, இரண்டு கை வெள்ளை அடித்தால் அந்த மூலைக்கு வரும் கொஞ்ச வெளிச்சமும் சுவரில் பட்டுச் செடிமேல் திரும்பும். சுண்ணாம்பானால் கீழே சிந்தியதை வழித்து எடுத்துவிடுங்கள். சேம்புக் குடும்பமும் பெரணியும் சற்றே புளிப்பான மண்ணை விரும்புபவை. சுண்ணாம்பு அவற்றுக்கு ஆகாது.

நிழலில் ஈர நிழல், உலர் நிழல் என்று இரண்டு உண்டு. பலர் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. குளியலறைப் பின்புறம் ஈர நிழல். அங்கே பெரணி, வண்ணச்சேம்பு, காலாத்தியா முதலியவை செழிக்கும். ஆனால் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகவே மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். காய்ந்த இலை மக்கும், கிடைத்தால் மக்கிய செம்பனை வெறுங்குலையும் கலந்தால் மண் பொலபொலவென்று இருக்கும். மாடித் தாழ்வாரமும் கூரை நீண்டிருக்கும் சுவரோரமும் உலர் நிழல். வெளியே அடைமழை பெய்தாலும் அங்கே ஒரு சொட்டு விழாது. அங்கே மருள் வையுங்கள், அக்லோனிமா வையுங்கள். வாரம் இருமுறை தண்ணீர் போதும். மருளுக்கு அதுகூட அதிகம். மாமரம் அல்லது ரம்புத்தான் நிழலானால் மரத்தின் வேர் உங்கள் செடிக்கு முன்னால் சாப்பிட்டுவிடும். அங்கே தரையில் நடாமல் தொட்டியையே வையுங்கள். மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் என்னாகும்?

பூவே கிடையாதா என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. அரை நிழலில் கனகாம்பரம் நன்றாகவே பூக்கும். காலையில் இரண்டு மணி நேரம் இளவெயில் பட்டால் போதும். நந்தியாவட்டையும் அப்படித்தான், பூசைக்கு வெள்ளைப் பூ, மூலைக்கும் வெள்ளைப் பூ. ஆனால் முழு நிழலில் இவற்றை எதிர்பார்க்க வேண்டா.

சமையலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். வெற்றிலைக் கொடிக்கு நிழல்தான் பிடிக்கும். பாண்டான் இலை அரை நிழலில் புதராக வளரும். மலாய்க்காரர்கள் செக்கோர் என்று உலாமுக்குச் சேர்க்கும் கச்சோலம் தரையோடு தரையாகப் படுத்து வளரும் சின்னச் செடி. பாத்தியின் ஓரத்துக்கு மிகவும் ஏற்றது. வெற்றிலையைப் போலவே இருக்கும் காடோக் இலையும் நிழல் விரும்பிதான்.

இவற்றில் பாதியை அக்கம்பக்கத்தில் கேட்டே வாங்கிவிடலாம். மீதியைக் காசு கொடுத்து வாங்குவதானால் சுங்கை பூலோவுக்குப் போங்கள். சாலையின் இருபுறமும் செடிக்கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு செய்தி மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கறுப்பு வலையின் அடியில் இருக்கும் செடிகளை மட்டுமே பாருங்கள். வெளியே முழு வெயிலில் நிற்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் மூலைக்கு வந்த இரண்டே வாரத்தில் இலை கொட்டும்.

அந்தச் செடிக்கடைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைச் சொல்லுங்கள். 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியேற்றம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் நோய் கண்டவர்களைச் சட்டப்படி பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். அவர்களைச் சிறைபோல் அடைத்து வைக்காமல், தனித்தனிச் சிறு வீடும் சுற்றிலும் கொஞ்சம் நிலமுமாக ஓர் ஊரையே அமைக்க வேண்டும் என்று பாடுபட்டவர் டாக்டர் டிராவர்ஸ். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அங்கே இருந்தனர். ஒரு காலத்தில் ஈராயிரம் பேருக்கு மேல். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடம் விடாமல் பிரித்து எடுத்துச் சென்றார்கள். 1940-களின் பிற்பகுதியில் சல்போன் மருந்துகள் வந்தபின் நோய் குணமாகத் தொடங்கியது. குணமாகியும் பலருக்குத் திரும்பிப் போக வீடில்லை. சொந்தங்களே வேண்டாமென்று விட்டிருந்தன. வேலை கொடுப்பாருமில்லை. அவர்கள் வீட்டைச் சுற்றியிருந்த அந்தச் சிறு நிலத்தில் பூச்செடி வளர்த்து விற்றார்கள். கைவிரல் மடங்கிப் போனவர்களும் மண் பிசைந்து தொட்டி நிரப்பினார்கள். கோலாலம்பூர் வீடுகளின் வாசல்களை அழகுபடுத்திய செடிகளில் எத்தனையோ அவர்கள் கையால் வந்தவை. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் அந்தக் குடியேற்றத்தின் ஒரு பகுதி 2007-இல் இடிக்கப்பட்டுவிட்டது. மற்றப் பகுதியும் செடிக்கடைகளும் இருக்கின்றன. பேரம் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசலாம்.

கடைசியாக, கொசு. இதைச் சொல்லாமல் நிழல் தோட்டம் பற்றி எழுதுவது தவறு. டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் பல ஆண்டுகளாகச் சிலாங்கூரில்தான் அதிகம். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது. அந்த மூலையில் கிடக்கும் டயரும் உடைந்த வாளியும் அதற்கு அரண்மனை. அவற்றை அகற்றுவதே அந்த மூலைக்குச் செய்யும் முதல் அலங்காரம். ஆனால் செடி வைத்தபின்பும் விழிப்பு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். எனவே தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தால் வாரம் ஒருமுறை கொட்டுவதோடு நிற்காமல் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் காய்ந்த தட்டில் ஒட்டியிருக்கும் முட்டை பல மாதம் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரியும். கோலியஸ் கிளை வைத்த போத்தல் தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். இலை இடுக்கில் தண்ணீர் பிடிக்கும் அன்னாசிச் செடி வகைகளை இந்த மூலைக்குக் கொண்டுவராதீர்கள்.

பறவைக்கூட்டுப் பெரணியிலும் நடுவே சருகும் நீரும் சேரும். அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் மலாய்ப் பெயர் பாக்கு லங்சூயார். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி அதில் தங்கும் என்பது பழைய மலாய் நம்பிக்கை. நம் தோட்டத்துப் பாட்டிமார்களும் அதை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கொசுவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தேங்காய் மட்டையில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால் அதைவிட அழகான பெரணி வேறில்லை.

வண்ணச்சேம்பு வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாதம் தளதளவென்று நின்றுவிட்டு ஒரு நாள் இலையெல்லாம் சாய்ந்து தரையோடு ஒட்டிவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். கிழங்கு உள்ளே உறங்குகிறது. தண்ணீரைக் குறைத்து, மழை படாத இடத்தில் ஒன்றிரண்டு மாதம் அப்படியே விட்டு வையுங்கள். பிறகு தோண்டிப் பார்த்தால் ஒரு கிழங்கு இரண்டு மூன்றாகியிருக்கும். ஒன்றை நட்டுக்கொண்டு மற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும்.